கத்திரி இலையைத் தைச்ச குருவி: 26 நாளைக்கு அந்தத் தகரத்தை நகர்த்தாதீங்க

தங்கச்சி, நீங்க எழுதிக் கேட்டது சுருக்கமா இதுதான். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல தாமான் வீடு, அதாவது குடியிருப்பு வீடு, பின்கட்டுல பெயின்ட் தகரத்துல ஒரு கத்திரிச் செடி, அதுல ஒரு பெரிய இலை சுருண்டு ஓரமெல்லாம் நூல் போட்டுத் தைச்ச மாதிரி இருக்கு, உள்ள எட்டிப் பார்த்தா பஞ்சுக்குள்ள மூணு முட்டை. அடுத்த வாரம் பின்னால சிமெண்ட் போட ஆள் வர்றாங்க, தகரத்தைத் தூக்கி வீட்டு முன்னால வச்சிடலாமான்னு ஒரு கேள்வி. இன்னொண்ணு பாட்டி சொன்னது. பொழுது சாயுற நேரத்துல ஒரு குருவி அழற மாதிரி இழுத்து இழுத்துக் கத்துதாம், அது இந்தக் குருவிதான், அதை வீட்டோட வச்சிருந்தா சாவு விழும், கூட்டைக் கலைச்சிடுங்கன்னு சொல்றாங்களாம், அது உண்மையான்னு.

நேரா பதில் சொல்லிடறேன். தகரத்தை நகர்த்தாதீங்க, முன்னாலயும் வேணாம், பக்கத்து மூலைக்கும் வேணாம். அந்த அழுகைச் சத்தம் இந்தக் குருவியோடது இல்ல, அது முழுக்க வேற பறவை. ஆனா அந்தப் பறவைக்கும் உங்க கத்திரிச் செடியில இருக்கிற கூட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, அதைக் கீழ சொல்றேன், பாட்டிகிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

உங்க வீட்டுல கூடு கட்டினது தையல்சிட்டு. மலாய்ல பெரஞ்சாக் பீசாங். நான் பொறந்தது நம்ம ஊருக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, அப்புறம் செம்பனை நர்சரியில வருஷக்கணக்கா வேலை பார்த்தேன், அதனால இந்தக் குருவி எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பழக்கம். நம்ம ஆளுங்க நிறைய பேர் தினமும் இதோட சத்தத்தைக் கேட்டுட்டே இருக்காங்க, ஆனா ஆளைப் பார்த்ததில்ல. சத்தம் அவ்ளோ பெருசு, ச்சூவிட் ச்சூவிட் ச்சூவிட்னு விடாம அடிச்சுட்டே இருக்கும், ஏதோ மைனா அளவு பறவைன்னு நெனச்சுத் தேடுவோம், அது என்னடான்னா கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெருசு. எடை 6 கிராம்லேர்ந்து 10 கிராம் வரைக்கும்தான். ரெண்டு 20 சென் காசை உள்ளங்கையில வச்சுப் பாருங்க, அவ்ளோதான் அதோட மொத்த எடை.

அடையாளம் ரொம்ப சுலபம். முதுகு பாசிப்பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, தலை உச்சியில துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஒரு செம்பழுப்பு, மூக்கு நீளமா ஊசி மாதிரி, வாலை எப்பவும் மேல தூக்கி வச்சிருக்கும். கூடு கட்டுற காலத்துல ஆண் குருவிக்கு வால்ல நடு இறகு ரெண்டும் மத்ததைவிட நீளமா வளரும், மத்தபடி ஆணும் பொண்ணும் பார்க்க ஒண்ணுதான். அது கத்தும்போது கழுத்தைக் கவனிங்க, ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சு மறையும். அது இறகு இல்ல, இறகுக்கு நடுவுல இருக்கிற தோல், கழுத்து விரியும்போது மட்டும் தெரியும். இதை முதல் தடவை நான் பார்த்தப்போ குருவிக்குக் காயம் பட்டுடுச்சுன்னு பயந்துட்டேன்.

நம்ம பக்கம் இதோட சொந்தக்காரங்களும் உண்டு, குழப்பிக்காதீங்க. மூஞ்சி முழுக்க செம்பழுப்பா, உடம்பு சாம்பலா இருந்தா அது பெரஞ்சாக் கெலாபு. கழுத்து நல்லா கறுத்து, வாலுக்குக் கீழ மஞ்சளா இருந்தா அது பெரஞ்சாக் பெலுக்கார், பெலுக்கார்னா புதர்க்காடு, பேர்லயே இருக்கு. எல்லாமே இலையைத் தைக்கிற கூட்டம்தான். நீங்க அனுப்பின போட்டோவுல கூடு மட்டும்தான் இருக்கு, ஆனா தலை உச்சி மட்டும் செவப்பு, வயிறு வெள்ளைன்னு நீங்க எழுதினதை வச்சுத்தான் பீசாங்னு சொல்றேன்.

இன்னொரு விஷயம் சொன்னா பாட்டிக்குப் பிடிக்கும். இதே குருவி, இதே இனம்தான் தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் வீட்டுத் தோட்டத்துல கத்திட்டு இருக்கு. விஞ்ஞானப் பேரோட உலகத்துக்கு முதல்ல இதைப் பத்தி எழுதினவர் பென்னன்ட்னு ஒரு வெள்ளைக்காரர், 1769-ல, அவர் எழுதினதே இலங்கைக் குருவியை வச்சுத்தான். அப்போ வச்ச பேர்லயே தைக்கிறவன்னுதான் அர்த்தம். நம்ம முன்னோர் கப்பல்ல வந்து ரப்பர் காட்டுல இறங்கினப்போ, பால்மரம் புதுசு, பாஷை புதுசு, மழை புதுசு, ஆனா லயத்துக்குப் பின்னால கத்தின இந்தக் குருவி அவங்களுக்கு ஊர்லேயே பழகின குருவி. எனக்கு இதை நெனச்சா இன்னிக்கும் மனசு எப்படியோ ஆகுது.

சரி, அந்தத் தையல். இதைப் பக்கத்துல பார்த்தா மறக்கவே முடியாது. முதல்ல பொண்ணு குருவி இலையைத் தேர்ந்தெடுக்கும், அகலமா, மெத்துனு, ஆனா கிழியாத இலை வேணும், கத்திரி இலை அதுக்கு ரொம்பப் பிடிச்சது. இலை ஓரத்துல மூக்காலயே பொடிப்பொடியா ஓட்டை போடும். அப்புறம் சிலந்தி வலை, இலவம் பஞ்சு, செடி நார் இதுல எது கிடைக்குதோ அதை ஒரு ஓட்டையில விட்டு எதிர்ப்பக்க ஓட்டை வழியா இழுக்கும். இழுத்ததும் நுனி அந்தப் பக்கம் பஞ்சு மாதிரி பிரிஞ்சு உப்பிக்கும், அதனால நூல் திரும்ப நழுவாது. இங்கதான் பழைய காலத்துல பெரிய ஆளுங்களே ஏமாந்தாங்க. மெட்ராஸ் ராஜதானியில டாக்டரா இருந்த ஜெர்டன்னு ஒருத்தர், பறவை ஆராய்ச்சியில பெரிய பேர், அவர் இந்தக் குருவி நூல்ல முடிச்சுப் போடுதுன்னு எழுதினார். முடிச்சே கிடையாது. பிரிஞ்ச பஞ்சுதான் முடிச்சு மாதிரி தெரியுது. சட்டைக்கு ரிவிட் அடிக்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியா பிடிச்சு நிக்கும், ஒண்ணு அறுந்தாலும் மத்தது விடாது.

ஓட்டை ஏன் அவ்ளோ பொடியா போடுதுன்னு கேட்டா, பெருசா கிழிச்சா இலை ஓரம் காய்ஞ்சு பழுப்பாயிடும், தூரத்துலேர்ந்தே காட்டிக் கொடுத்துடும். ஊசி முனை அளவு ஓட்டைன்னா இலைக்குத் தெரியவே தெரியாது, பச்சையாவே இருக்கும், உயிரோட இருக்கும். அது மட்டுமில்ல, இலையோட மேல்பக்கம் வெளிய தெரியுற மாதிரிதான் மடிக்கும், அடிப்பக்கம் வெளிய தெரிஞ்சா நிறம் வெளுத்துக் காட்டும் இல்ல, அதனால. உங்க வீட்டுல எத்தனை நாள் அந்தச் செடியைத் தாண்டி துணி காயப்போடப் போயிருப்பீங்க, கண்ணுல பட்டுதா? நீங்களே எழுதியிருக்கீங்க, கத்திரிக்காய் பறிக்கக் கை நீட்டினப்போதான் தெரிஞ்சுதுன்னு. அதுதான் அந்தக் குருவியோட வேலை.

நடுவுல ஒண்ணு, இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு. இலை ரெண்டு ஒட்டியிருந்தாலே தையல்சிட்டுக் கூடுன்னு கையை விட்டுடாதீங்க. மாமரத்துலயும் ரம்புத்தான் மரத்துலயும் இலைங்க கொத்தா ஒட்டிக்கிட்டு வெள்ளையா பட்டு மாதிரி இருந்தா அது கெரெங்கா எறும்பு, அதுங்க தன் புழுவோட வாயிலேர்ந்து வர்ற நூலை வச்சு இலையை ஒட்டும், கை வச்சா கையெல்லாம் ஏறிக் கடிச்சுடும். வாழை இலைக்கு அடியில நீட்டமா ஒரு பை மாதிரி தைச்சிருந்தா அது தேன்சிட்டுக் குடும்பத்துல நீள மூக்குக்காரன், மலாய்ல கெலிச்சாப் ஜந்துங், அதுவும் சிலந்தி நூலால இலையைக் குத்தித்தான் கட்டும், ஆனா அது இலையைச் சுருட்டாது, இலைக்கு அடியில ஒட்டும். தூக்கணாங்குருவி புல்லால பின்றது, அது வேற கதை.

இப்ப ஏன் நகர்த்தக்கூடாதுன்னு சொல்றேன். நமக்கு ஒரு தகரம், அதுல ஒரு செடி, செடியில கூடு, எல்லாம் சேர்த்துத் தூக்கினா கூடு அப்படியே இருக்குதானேன்னு தோணும். குருவிக்கு அப்படி இல்ல. அது கூட்டை ஞாபகம் வச்சிருக்கிறது இடத்தை வச்சு, இந்தச் சுவர், இந்தத் துணிக்கொடி, இந்தக் குழாய், அதுக்குக் கீழன்னு. வாயில புழுவோட வந்து, இருந்த இடத்துலயே காத்துல நின்னு தேடும், பத்தடி தள்ளி அதே இலை இருந்தாலும் போகத் தெரியாம போயிடும். அதுக்குள்ள முட்டை ஆறிப்போயிடும். முன்பக்கம்னா ரோடு, மோட்டார் சத்தம், பூனை, எதிர் வெயில் எல்லாம் வேற.

நாள் கணக்கு இதுதான். முட்டை பொதுவா மூணு, தினம் ஒண்ணுன்னு போடும். அடைகாக்கிறது ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பொரிச்சு வெளிய பறக்க இன்னும் ஒரு 14 நாள். ஆக மொத்தம் 26 நாள். உங்க கூட்டுல மூணு முட்டையும் வந்தாச்சு, அதனால நீங்க கண்டுபிடிச்ச நாளை ஒண்ணுன்னு வச்சு காலண்டர்ல குறிச்சுக்கோங்க, அதுக்கு முன்னாடியே அடைகாக்க ஆரம்பிச்சிருந்தா இன்னும் சீக்கிரமே முடியும். சிமெண்ட் வேலைக்காரர்கிட்ட பேசிப் பாருங்க, ஒரு மாசம் தள்ளிப் போட முடிஞ்சா அதைவிட நல்லது வேற இல்ல. முடியாதுன்னா, தகரத்தைச் சுத்தி நாலஞ்சு அடியை விட்டுட்டு மத்த இடத்துல போடச் சொல்லுங்க, அந்த மூலையைக் கடைசியா போட்டுக்கலாம். இந்தக் குருவி மனுஷங்க நடமாட்டத்துக்குப் பழகினது, தூரத்துல சத்தம் கேட்டா ஓடிடாது, ஆனா இலைக்குப் பக்கத்துல ஆளு உட்கார்ந்துட்டு எழுந்திருக்கவே இல்லன்னா தாய் திரும்பி வராது. அதனால மூலையில பாத்திரம் கழுவுறது, மூட்டை அடுக்குறது வேணாம்.

கூட்டைவிட முக்கியம் செடி. நிறைய பேர் இதைக் கவனிக்கிறதில்ல. அந்த இலை உயிரோட இருக்கிற வரைக்கும்தான் தையல் நிக்கும், இலை வாடினா ஓட்டைங்க விரிஞ்சு நூல் நழுவி கூடு வாய் பொளந்துடும். கத்திரி தகரத்துல இருக்கு, தகரம் வெயில்ல சீக்கிரம் காயும், அதனால காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வேர்ல மெதுவா தண்ணி ஊத்துங்க. மேல தெளிக்காதீங்க, இலையில தண்ணி நின்னா கனத்துத் தொங்கும். கூட்டுக்கு மேல இருக்கிற இலையைக் கிள்ளாதீங்க, அதுதான் குடை. காய் பழுத்தாலும் அந்தக் கிளையில கை வைக்க வேணாம், ஒரு மாசத்துக்கு கத்திரிக்காய் பாசார்ல வாங்கிக்கலாம். மாவுப்பூச்சி வந்தாலும் மருந்து அடிச்சிடாதீங்க, அந்தக் குருவி குஞ்சுக்குக் கொடுக்கிறதே உங்க செடியில இருக்கிற புழுவும் பூச்சியும்தான், நீங்க அடிக்கிற மருந்து அப்படியே குஞ்சு வாயில போய் விழும்.

போட்டோ எடுக்கிறதைப் பத்தியும் சொல்லிடறேன். ஒரு தடவை எடுத்தாச்சு, போதும். பிளாஷ் வேணாம், இலையை விலக்கி எடுக்க வேணாம், தினமும் அந்த வழியா நடந்தா ஒரு பாதை மாதிரி ஆகி, அந்தப் பாதையைப் பூனை கவனிக்கும், காக்காவும் கவனிக்கும். காக்கா ரொம்ப கெட்டிக்காரப் பறவை, நாம எங்க அடிக்கடி எட்டிப் பார்க்கிறோமோ அங்க அதுவும் வந்து எட்டிப் பார்க்கும். நம்ம நாட்டுல ஊர்க்காக்கா பொறந்த பறவை இல்ல, 1900-ஐ ஒட்டின வருஷங்கள்ல கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்துல கம்பளிப்பூச்சி தொல்லைக்காக இலங்கையிலேர்ந்து கொண்டு வந்து விட்டாங்க. காப்பி போச்சு, ரப்பர் வந்துச்சு, ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, காக்கா மட்டும் போகவே இல்ல. காக்காவைத் தவிர செம்போத்து, ஓணான், எலி, பாம்பு எல்லாமே இந்தக் கூட்டைத் தேடும். பாதிக்கு மேல கூடு தப்பிச்சாலே பெரிய விஷயம்னுதான் நான் என் கண்ணால பார்த்ததை வச்சுச் சொல்வேன்.

இப்ப பாட்டி சொன்னதுக்கு வர்றேன். பாட்டி பொய் சொல்லல, அவங்க கேட்ட சத்தம் உண்மை. அந்தப் பறவை ஒரு சின்னக் குயில், மலாய்ல அதோட பேரே செவா மாத்தி அனாக், அதாவது பிள்ளை செத்துப்போனதுன்னு அர்த்தம். மலாய்க்காரங்களும் அந்தக் குரலைக் கேட்டா மனசு கலங்குவாங்க. தலை சாம்பல், வயிறு செம்மஞ்சள், உயரமா ஒரு கிளையில உட்கார்ந்துட்டு மேல மேல ஏத்தி ஏத்திக் கத்தும், இன்னொரு விதமா ஆரம்பிச்சு வேகமா சறுக்கி இறங்கியும் கத்தும், ஒரு அம்மா அழுது அழுது மூச்சு முட்டுற மாதிரியே இருக்கும். ராத்திரியிலயும் கத்தும். லயத்துல யாராவது உடம்பு முடியாம கிடக்கிற வீட்டுப் பக்கத்துல அந்தச் சத்தம் கேட்டா எங்க அம்மாவும் முறத்தைத் தட்டித் துரத்துவாங்க. ஆனா அது கத்துறது ஆணு, தன் எல்லையைச் சொல்றதுக்கும் ஜோடியைக் கூப்பிடுறதுக்கும்தான். நம்ம வீட்டு மனுஷங்களுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல.

ஆனா யாரோ ஒரு அம்மாவுக்குப் பிள்ளை சாகுதுங்கிறது நிஜம். அந்தக் குயில் கூடு கட்டாது. உங்க வீட்டுத் தையல்சிட்டு மாதிரி சின்னக் குருவிங்க கூட்டுல வந்து ஒரு முட்டையைப் போட்டுட்டுப் போயிடும். குயில் குஞ்சு பொரிச்சதும், கண்ணுகூடத் திறக்காம, உடம்புல ஒரு முடிகூட இல்லாம, முதுகாலயே மத்த முட்டையையும் குஞ்சையும் விளிம்புக்குத் தள்ளி வெளிய போட்டுடும். அப்புறம் அந்த 8 கிராம் தாய், தன்னைவிடப் பெருசா வளர்ற ஒரு குஞ்சோட வாய்க்குள்ள தலையை விட்டுத் தீனி கொடுக்கும். நான் ஒரு தடவை எங்க வீட்டு வேலியில இதைப் பார்த்தேன். குயில் குஞ்சு கம்பியில உட்கார்ந்திருக்கு, தையல்சிட்டு நிக்க இடம் இல்லாம அதோட முதுகு மேலயே ஏறி நின்னு புழுவை ஊட்டுது. அன்னிக்கு முழுக்க எனக்கு வேற வேலை ஓடல.

பாட்டிகிட்ட இப்படிச் சொல்லுங்க: நீங்க கேக்குற அழுகையோட சொந்தக்காரன் மரத்து மேல இருக்கு, நம்ம செடியில இருக்கிறது அதுகிட்ட பிள்ளையைப் பறி கொடுக்கிற குருவின்னு. கலைக்கணும்னு சொல்றவங்களுக்கே அப்புறம் கலைக்க மனசு வராது. சந்தேகமா இருந்தா கார்னெல் யுனிவர்சிட்டி போட்டிருக்கிற மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, காசு இல்ல, சாயங்காலம் அந்தச் சத்தம் வரும்போது போனைத் தூக்கிப் பிடிங்க, எந்தப் பறவைன்னு அதுவே காட்டும். அப்புறம் காலையில கத்திரிச் செடிகிட்ட வர்ற ச்சூவிட் ச்சூவிட்டையும் பிடிச்சுப் பாருங்க, ரெண்டு பேர் தனித்தனியா வரும், பாட்டி கண்ணாலயே பார்த்துக்கலாம். நீங்களும் உங்க கூட்டுல கொஞ்சம் கவனிங்க, மூணுல ஒரு முட்டை மட்டும் அளவுல பெருசா இருந்தா எனக்கு எழுதுங்க. அப்படி இருந்தாலும் எடுத்துப் போட்டுடாதீங்க, நாம தப்பான முட்டையை எடுத்துட்டா அது இன்னும் கொடுமை.

எங்க அம்மாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்தக் குருவி மேல எனக்கு இவ்ளோ பிடிப்பு வந்தது அவங்களாலதான். அவங்க தோட்டத்துல மருந்து அடிக்கிற கேங்ல இருந்தாங்க. விடியுறதுக்கு முன்னால பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் முதுகுல மருந்துத் தொட்டியைத் தூக்கிட்டு செம்பனை மரத்தடி வட்டத்துக்கும் வரிசைக்கு நடுவுல பாதைக்கும் புல்லு மருந்து அடிக்கணும். அப்போ அடிச்சது பாராகுவாட். துணியைக் கட்டிட்டு அடிப்பாங்க, கையுறை எல்லாம் எப்பவாவது கொடுத்தா உண்டு. நகம் கறுத்து உரிஞ்சு போயிருக்கும், மூக்குல ரத்தம் வரும், அதைச் சொன்னா மண்டோர், அதாவது கங்காணி, கண்டுக்கிறதில்ல. அந்த மருந்தை 2002-ல நம்ம நாட்டுல நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க, 2006-ல மறுபடியும் தளர்த்தினாங்க, கடைசியா 2020 ஜனவரி 1-ல தான் முழுசா தடை. அதுக்குள்ள எங்க அம்மா மாதிரி எத்தனை பேரோட கையும் நெஞ்சும் போச்சு.

ஒரு நாள் பள்ளி லீவுல நானும் கூடப் போயிருந்தேன். வரிசை ஓரத்துல ஒரு செண்டுடுக் புதர், ஊதாப் பூ பூக்குமே அது. அம்மா குழாயை நீட்டினவங்க சட்டுன்னு நிறுத்திட்டாங்க. என்னைக் கூப்பிட்டு, கிட்ட வா, தொடாதன்னு காட்டினாங்க. ரெண்டு இலை சேர்த்துத் தைச்சிருக்கு, இடுக்குல மூக்கு ஒண்ணு மட்டும் தெரியுது, கண்ணு எங்களையே பார்க்குது, அசையவே இல்ல. அம்மா அந்தப் புதரைச் சுத்தி ஒரு ஆள் நீளத்துக்கு மருந்து அடிக்காம விட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் மண்டோர் பார்த்துட்டு ஏன் விட்டேன்னு எல்லார் முன்னாலயும் திட்டினார். அம்மா ஒண்ணும் சொல்லல. அடுத்த ரவுண்டுக்கும் அதை விட்டாங்க. எங்க வீட்டுல தையல் மெஷின் இருந்தது, தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு அவங்கதான் கவுன் தைப்பாங்க. அதனாலயோ என்னமோ, நம்ம ஆளுன்னுதான் அந்தக் குருவியைச் சொல்வாங்க.

அதனாலதான் சிமெண்ட் விஷயத்துல உங்ககிட்ட கொஞ்சம் கூடவே கேக்கறேன். இந்தக் குருவிக்குக் காடு வேணாம், பெரிய மரம்கூட வேணாம், இடுப்பு உயரத்துக்கு நாலு செடி, கொஞ்சம் புதர், அதுல பூச்சி, இதுதான் வேணும். லயத்துல எல்லார் வீட்டுக்குப் பின்னாலயும் அது இருந்துச்சு, முருங்கை, கறிவேப்பிலை, கத்திரி, வாழை, நடுவுல யாரும் வெட்டாத புல்லு. தாமானுக்கு வந்ததும் வீடு நல்லாச்சு, ஆனா ஒவ்வொரு வீடா பின்னால சிமெண்ட் போட்டு, கார் போர்ச்ச நீட்டி, சமையல்கட்ட நீட்டி, மண்ணே தெரியாம ஆயிட்டோம். சேறு வருது, கொசு வருதுன்னு சொல்றது எனக்குப் புரியுது, முட்டி வலியோட வழுக்குற மண்ணுல நடக்க முடியாம நானே கொஞ்ச தூரம் சிமெண்ட் போட்டவதான். முழுசா மூட வேணாம், அவ்ளோதான். சுவர் ஓரமா ரெண்டடி மண்ணு விடுங்க, அதுல கத்திரி, சீமை அகத்தி, செம்பருத்தி இப்படி இலை அகலமா ஏதாவது நடுங்க. சிலந்தி வலையைத் தினமும் துடைக்காதீங்க, அந்த மூலையில மட்டுமாவது விட்டு வைங்க, அதுதான் அதோட நூல்.

குஞ்சு வெளிய வர்ற நேரத்துல ஒரு குழப்பம் வரும், இப்பவே சொல்லிடறேன். 26 நாள் கிட்ட வர்றப்போ ஒரு காலையில குஞ்சு தரையில கிடக்கும், வால் கட்டையா, பறக்கத் தெரியாம தத்திட்டு. உடம்பு பூரா இறகு இருந்தா அது விழுந்த குஞ்சு இல்ல, வெளிய வந்த குஞ்சு, அம்மா அப்பா பக்கத்துலயேதான் இருக்கும். மெதுவா எடுத்துப் பக்கத்துப் புதர்ல வச்சுட்டு நீங்க உள்ள போயிடுங்க, பூனை இருந்தா பூனையை ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே வைங்க. இறகே இல்லாம செவப்பா இருந்தா திரும்பக் கூட்டுக்குள்ளயே வச்சிடுங்க, மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காதுன்னு சொல்றது தப்பு. பால், ரொட்டி, சோறு எதுவும் ஊட்டாதீங்க, தண்ணியை வாயில விடாதீங்க, மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும்.

பறந்ததுக்கு அப்புறமும் ஒரு வாரம் சாயங்காலம் கொஞ்சம் இருட்டினதும் பின்கட்டு விளக்குக்குப் பக்கத்துல மெலிசான கிளைங்களை நிமிர்ந்து பாருங்க. இந்தக் குருவிங்க வீட்டுக்கும் விளக்குக்கும் பக்கத்துலதான் பல தடவை தூங்கும், குஞ்சு இருந்தா அம்மா அப்பா ரெண்டும் ரெண்டு பக்கம், நடுவுல குஞ்சு, மூணும் ஒட்டிக்கிட்டு ஒரே பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். பாட்டியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. டார்ச் மட்டும் முகத்துல அடிக்க வேணாம்.

கூடு காலியாகி ஒரு வாரம் ஆனதும் இலையை வெட்டிக்கலாம், பழைய கூட்டுக்கு அது திரும்ப வராது, அடுத்த தடவை வேற இலையில புதுசாத்தான் தைக்கும். வெட்டினா எறிஞ்சிடாதீங்க, வெயில்ல பிடிச்சுப் பாருங்க, ஒவ்வொரு ஓட்டையிலயும் பஞ்சு எப்படிப் பிரிஞ்சு நிக்குதுன்னு தெரியும். சிமெண்ட்காரர் என்ன சொன்னார்னும், மூணு முட்டையும் ஒரே அளவா இருக்கான்னும் எழுதுங்க.